முப்பத்தெட்டாவது கதவு

செந்தரையில் வீடு கேட்டுப் போகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை. ஒவ்வொரு கதவின் நடுவிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி இருக்கும். அதில் வலது கையை வைக்க வேண்டும். வீடு கையை முகர்ந்து பார்க்கும். அதன் பிறகுதான் உள்ளே இருப்பவர்கள் பேசுவார்கள்.

அன்று அஞ்சுகம் கை வைத்தது முப்பத்தேழாவது கதவு. காலையிலிருந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய கை. ஏழு மாத வயிறு கதவில் இடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கணவன் மாடக்கண்ணு, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க நிறுத்தியவன்போல விறைத்து நின்றான்.

"வாங்க, வாங்க. எத்தனை பேரு?" என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல். வீட்டுக்காரி பங்கயச்செல்வி. குரலில் தேன் வடிந்தது.

"ரெண்டு பேருங்க. ரெண்டு மாசத்துல மூணு ஆயிருவோம்."

"அட, சந்தோசம்மா. எங்க வேலை?"

"நீர்மீட்புல."

குழிக்குள் வீடு இன்னொரு முறை முகர்ந்தது. பிறகு அதே தேனில், "பூமியில உங்களுக்கு எந்த ஊரு?" என்றது குரல்.

அஞ்சுகம் ஊரைச் சொன்னாள்.

"அப்படியா! அங்க எந்தத் தெரு?"

அந்த ஊர் கடலுக்குள் போய் நூறு வருடம் ஆகிறது. கோயில், குளம், பேருந்து நிலையம் எல்லாம் போய்விட்டன. தெரு மட்டும் எப்படியோ தப்பித்துச் செவ்வாய்க் கோள்வரை வந்து சேர்ந்திருந்தது.

"தெரியாதுங்க."

"எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நாங்கல்லாம் அதெல்லாம் பாக்கறவங்களே இல்ல. கையில கொஞ்சம் மீட்பு வாடை வருதுன்னு வீடு சொல்லுது. பக்கத்து வீட்டுக்காரங்கதான் ஏதாவது சொல்லுவாங்க. தப்பா எடுத்துக்காத, என்ன?"

பக்கத்து வீடு முப்பத்தாறாவது கதவு. அவர்களும் இதையே சொல்லி, பக்கத்து வீட்டுக்காரி என்று பங்கயச்செல்வியைக் கைகாட்டியிருந்தார்கள்.

அந்தக் குழிக்கு முகர்வி என்று பெயர். முதல் தலைமுறை செவ்வாயில் இறங்கியபோது ஒரு நல்ல காரணத்துக்காகத்தான் அதை வைத்தார்கள். வெளியே போய் வருகிறவர்களின் கையிலும் உடையிலும் நச்சுத்தூள் ஒட்டியிருக்கும். அது வீட்டுக்குள் வந்தால் நுரையீரல் கெட்டுப்போகும். பிறகு ஊருக்கு மேலே கண்ணாடிக் கவிகை எழும்பியது. யாரும் வெளியே போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. தூள் ஒழிந்தது. மூக்கு மட்டும் கதவிலேயே நின்றுவிட்டது. சும்மா இருக்கும் மூக்குக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் அல்லவா? கொடுத்தார்கள்.

செந்தரையில் ஆறு இல்லை, மழை இல்லை. நாற்பதாயிரம் பேரின் குளியலும் வியர்வையும் சிறுநீரும் நீர்மீட்பு நிலையத்துக்கு வரும். அங்கே பாசித் தொட்டிகளில் ஊறி, கரைசல் சேர்ந்து, வடிந்து, மறுபடியும் தண்ணீராகி ஊருக்குப் போகும். அந்தத் தண்ணீரில்தான் ஊர் முழுக்கக் காபி கலந்தது. அந்தத் தண்ணீரில்தான் சாமிக்கு அபிஷேகம் நடந்தது. அதை வடித்துக் கொடுத்தவர்களின் கையில் மட்டும், ஊறிய வெந்தயம்போல ஒரு வாடை வந்தது.

"நம்ம தண்ணி மட்டும் இனிக்குது" என்றான் மாடக்கண்ணு, திரும்பி நடக்கையில். "நாளைக்கு ஒருநாள் வால்வைச் சாத்திருவமா?"

"சாத்திட்டு எங்க போயி படுப்ப? அதே தொட்டிக்குள்ளயா?"

அவர்கள் தொழிலாளர் விடுதியில் இருந்தார்கள். ஆளுக்கொரு அடுக்குக் கட்டில். விடுதி முகவரி ஆகாது. முகவரி இல்லாதவர்களுக்குப் பிறக்கும் குழந்தை குடியேற்றத்தின் பொறுப்பு. அதை மழலையகத்தில் வைத்து வளர்ப்பார்கள். பெற்றவர்கள் வாரத்தில் ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். பிரசவத்துக்குள் ஒரு வீடு கிடைத்தால் குழந்தை அவர்களுடையது. கிடைக்காவிட்டால் கண்ணாடியின் பின்னால்.

அஞ்சுகம் அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம். ஒவ்வொரு வாசலிலும் நடந்த பேச்சைத் காதில் மாட்டியிருந்த செவிமணியில் பதிந்து வைத்திருந்தாள். முப்பத்தேழையும் சேர்த்து வாழிட வாரியத்துக்குப் புகார் அனுப்பினாள். இரண்டே நாளில் பதில் வந்தது. 'வீட்டைக் கொடுப்பதும் கொடுக்காததும் உரிமையாளரின் விருப்பம். புகார் ஏற்கப்படவில்லை. தங்கள் அறிவுக்காகச் சட்டப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.'

அனுப்பியவர்கள் அவள் அதைப் படிப்பாள் என்று நினைத்திருக்கமாட்டார்கள். அவள் படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: 'வீடு எனப்படுவது, காற்றைக் கசியவிடாத கூடும், பூட்டக்கூடிய கதவும், இல்லறிவும் உடையது.'

"யோவ்" என்றாள் அஞ்சுகம். "இதுல சக்கரம் இருக்கக்கூடாதுன்னு எங்கயும் போடல."

நிலையத்தின் பின்கொட்டகையில் ஓர் உலாவீடு கிடந்தது. முதல் தலைமுறை நில அளவையாளர்கள் மாதக்கணக்கில் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, வெட்டவெளியில் ஓட்டிக்கொண்டு திரிந்த ஆறு சக்கர வண்டி. அதன் ஜோடி வண்டி அருங்காட்சியகத்தில் பித்தளைக் கயிறு கட்டி நிற்கிறது. தொட்டால் அபராதம். இதற்குள் பழைய குழாய்களைப் போட்டு வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் கேட்டபோது, "எடுத்துக்கிட்டா குழாயை நீங்கதான் அடுக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

நாற்பது நாள் வேலை. நிலையத்தில் வேலைமுறை முடிந்ததும் இருவரும் நேராகக் கொட்டகைக்குப் போனார்கள். குழாய்களை வெளியே அடுக்கினார்கள். ஜன்னல்களின் ரப்பர் வளையங்கள் அப்பளம்போல நொறுங்கின. நிலையத்தில் கழித்துப்போட்ட வால்வு ரப்பரை வெட்டிப் புதிதாகப் போட்டார்கள். கம்பிவலைச் சக்கரங்களில் இரண்டு நசுங்கியிருந்தன. மாடக்கண்ணு ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்தினான். மடக்குக் கட்டிலின் கீல், அடுப்பின் சூடேற்றி, ஓட்டுநர் இருக்கையின் பஞ்சு, கூரையில் கசிந்த இரண்டு தையல். காற்றை நிரப்பி, சோப்பு நுரையைத் தடவி, எங்கே குமிழி வருகிறதென்று அஞ்சுகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். வயிற்றில் குழந்தை உதைத்தால், "இரு, உனக்குத்தான் பாக்குறேன்" என்பாள்.

கதவுக்குப் பக்கத்தில், சிவப்புப் புழுதி கல்லாக இறுகிய இடத்தைச் சுரண்டியபோது ஓர் இரும்புப் பிடி வெளியே வந்தது. அதன் மேலே உள்ளங்கை அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு. 'யார் வந்தாலும் இழுத்தால் திறக்கும்' என்று எழுதியிருந்தது. உள்ளே அதற்குச் சேர்ந்த கம்பி நேராகத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. மின்சாரம் இல்லை, அறிவு இல்லை, வெறும் கம்பி.

"பூட்டப் போட்டு சாவியப் பக்கத்துலயே மாட்டி வச்ச மாதிரி இருக்கு" என்று மாடக்கண்ணு சிரித்தான். "எந்தப் புத்திசாலி செஞ்சானோ. அறுத்துரட்டா?"

"இருக்கட்டும்யா. வெட்டவெளியில காத்து தீந்து ஒருத்தன் ஓடி வந்தா, அவன எந்தத் தெருன்னா கேட்டுட்டு நிப்பாங்க?"

பிடிக்கு மசகு போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டாள். வாரியத்தின் படிவத்தில் அந்தப் பிடிக்கென்று ஒரு கட்டமே இல்லை. அது என்னவென்று தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

கூடு தயார், கதவு தயார். மிச்சம் இல்லறிவு, வீட்டுக்காக யோசித்துப் பேசிக் கதவைக் காக்கும் எந்திர மூளை. அதையும் புது முகர்வியையும் வாரியமே கொடுக்கும். மற்ற வீடுகளில் இருப்பது பழைய முகர்வி. இது அதைவிட நூறு மடங்கு கூர்மை என்று உறையில் எழுதியிருந்தது.

இல்லறிவு வரும்போது ஒன்றும் தெரியாததாக வரும். கைக்குழந்தை மாதிரி. அதற்கு வீடு என்றால் என்னவென்று கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குச் செந்தரையில் ஒரு வழக்கம் உண்டு. முன்பு குடியிருந்த வீட்டின் சத்தங்களைக் கொண்டுவந்து ஊட்டுவார்கள். தாளிக்கும் சத்தம், சாமி கும்பிடும் சத்தம், மாமியார் மருமகள் சண்டை, குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டு. ஒரு மணி நேரச் சத்தம் கேட்டால் போதும், இல்லறிவு விழித்துக்கொள்ளும். வளர்ப்பொலி என்று அதற்குப் பெயர்.

வளர்ப்பொலிக்கு ஒரே ஒரு விதி. ஒரு வீட்டின் உள்ளேயோ வாசலிலோ பதிந்ததாக இருக்க வேண்டும். பதிவான இடத்தை இல்லறிவே சரிபார்க்கும்.

இருவரும் பிறந்தது விடுதி, வளர்ந்தது மழலையகம், தாலி கட்டியதும் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில். மேற்பார்வையாளரின் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுப் பார்த்தான் மாடக்கண்ணு. "அது குடும்ப விசயம்ப்பா" என்றுவிட்டார்.

"வாசல்னு போட்டிருக்குல்ல?" என்றாள் அஞ்சுகம் மெதுவாக.

"ஆமா."

"நம்மகிட்ட முப்பத்தேழு வாசல் இருக்கு."

மாடக்கண்ணு அவளைப் பார்த்தான். "அதையா குடுக்கப்போற? ஊட்டுற சோத்துலயே வெசத்த வைக்கிற மாதிரில்ல இருக்கு?"

"வேற என்ன இருக்கு? கேக்கட்டும். எது தப்புன்னு இதுக்காச்சும் தெரியட்டும். கடைசில நான் சொல்லிருவேன், இவங்க மாதிரி இருக்காதன்னு."

முப்பத்தேழு பதிவுகளும் போயின. கடைசியில் கொட்டகையிலேயே நின்றுகொண்டு, செவிமணியில் தன் குரலைப் பதிந்து சேர்த்தாள். "இதுல உள்ளேருந்து பேசுனவங்க மாதிரி நீ பேசக்கூடாது. யாரையும் வாசல்ல நிறுத்தக்கூடாது. சரியா, சாமி?"

'முப்பத்தேழு ஏற்கப்பட்டன. ஒன்று ஏற்கப்படவில்லை' என்று இல்லறிவின் பெட்டியில் எழுத்து ஓடியது. இரைச்சலாக ஏதோ ஒரு பதிவு இருந்திருக்கும் என்று நினைத்தாள். ஒரு மணி நேரம் சேர்ந்துவிட்டது. அது போதும்.

ஆய்வாளர் குலோத்துங்கன் மறுவாரம் வந்தார். வெள்ளைக் கையுறை, முகத்தில் துணி. நிலையத்தின் பக்கம் அவர் வருவது இதுதான் முதல் முறை. வண்டியைச் சுற்றி வந்தார். காற்றழுத்தத்தைப் பார்த்தார். ஜன்னல் ரப்பரை விரலால் அழுத்தினார்.

"நீங்களே போட்டதா?"

"ஆமாங்க ஐயா."

"பரவாயில்லையே" என்றார். அதில் ஆச்சரியம் இருந்ததே தவிர மரியாதை இல்லை. "கூடு சரி. காற்று சரி. இனி இல்லறிவு. எழுப்புங்க."

அஞ்சுகம் கதவில் பொருத்தியிருந்த புது முகர்வியின் குழியில் கையை வைத்தாள். பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

கதவு விழித்துக்கொண்டது.

"வாங்க, வாங்க" என்றது. குரலில் தேன் வடிந்தது. "எத்தனை பேரு?"

அஞ்சுகம் கையைக் குழியில் இன்னும் அழுத்தினாள்.

"நான்தான். இது என் வீடு. திற."

"சந்தோசம்மா. எங்க வேலை?"

"ஏய்! உனக்கு நான் சொல்லலை? அவங்க மாதிரி பேசாதன்னு சொல்லலை?"

"அப்படி ஒரு பதிவு எங்கிட்ட இல்லம்மா. கொட்டகையில பேசுறது வீட்டுச் சத்தத்துல சேராது. ஆனா உங்க குரல் எனக்கு நல்லாத் தெரியும். முப்பத்தேழு தடவ கேட்டிருக்கேன். நீங்க வெளியில நிக்கிறவங்க." வீடு கையை மறுபடி முகர்ந்தது. "கையில வேற மீட்பு வாடை வருது. எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. பக்கத்து வீட்டுக்காரங்கதான் ஏதாவது சொல்லுவாங்க."

பக்கத்தில் பாசித் தொட்டி மட்டும்தான் இருந்தது.

மாடக்கண்ணு கதவை ஓங்கிக் குத்தினான். "எங்க கையால நிமிர்த்துன கம்பி, எங்க கையால ஒட்டுன ரப்பரு! எங்களப் பாத்து வெளியாளுங்குது!"

குலோத்துங்கன் முகத்துணியை விலக்கிக்கொண்டு சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கோவப்படாதீங்க. நீங்க சந்தோசப்படணும். நான் பாத்த புது இல்லறிவுல இதுதான் ஒண்ணாம் நம்பரு. பாதி வீடுங்க கண்டவனுக்கும் திறந்து விட்டுருதுங்க. இது எவ்வளவு பொறுப்பா கேக்குது பாருங்க! வீடுன்னா இப்படி இருக்கணும்." கையுறையோடேயே தன் சான்றுப் பலகையில் கட்டைவிரலை வைத்தார். 'இல்லறிவு: முதல் தரம். வீடு எனச் சான்றளிக்கப்படுகிறது.'

கதவின் மேல் பச்சை எழுத்தில் முகவரி எண் எரிந்தது.

அஞ்சுகம் அந்த எண்ணைப் பார்த்தாள். இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. கதவு சாத்தியே இருந்தது. வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு முகவரி வாங்கிய முதல் ஆள் தான்தான் என்று நினைத்தபோது, அவளுக்குக் காது மடல்வரை சுட்டது.

குலோத்துங்கன் போகத் திரும்பினார். பிறகு நின்றார்.

"எங்க கொள்ளுத்தாத்தா இந்த மாதிரி வண்டியிலதான் வந்து இறங்குனாராம். அருங்காட்சியகத்துல தொடவிடமாட்டேங்கறான். உள்ள ஓட்டுநர் இருக்கையில உக்காந்து ஒரு படம் எடுத்துக்கறேன்." வலக் கையுறையைக் கழற்றிவிட்டுக் குழியில் கையை வைத்தார்.

"வாங்க, வாங்க. எங்க வேலை?"

"வாழிட வாரியத்துல ஆய்வாளர்."

"ரொம்ப சந்தோசம். பூமியில எந்த ஊரு? எந்தத் தெரு?"

குலோத்துங்கன் நிமிர்ந்து நின்றார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல, "மேல வீதி" என்றார். "தேர் எங்க வாசல்லருந்துதான் கிளம்பும்."

"நல்ல தெருங்க" என்றது வீடு. "ஆனா பாருங்க, கையில மீட்பு வாடை வருது."

"என்னது?"

"எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. நாங்கல்லாம் அதெல்லாம் பாக்கறவங்களே இல்ல."

"நானா? என் கையிலயா?" அவர் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் அதே பதில். "இந்த நிலையத்துல நான் எதையும் தொடவே இல்லையே! கையுறை போட்டிருந்தேனே!"

"தொட வேண்டாங்க ஐயா" என்றாள் அஞ்சுகம். "குடிச்சா போதும். நாங்க போடுற கரைசல் தண்ணியோட உள்ள போகும், வேர்வையோட வெளிய வரும். நாற்பதாயிரம் பேரு கையிலயும் இருக்கு. பழைய மூக்குக்குத் தெரியல. இது புதுசு, நூறு மடங்கு கூர்மை. நீங்க குடுத்ததுதான்."

குலோத்துங்கனின் கழுத்து நரம்பு புடைத்தது. கதவை உதைத்தார். "நான் யாருன்னு தெரியுமா? ஒரு மனுசன வாசல்ல நிக்க வச்சு, கைய மோந்து பாத்து, இது என்ன அநியாயம்! இது பழுது! கடும் பழுது! சான்றை ரத்து பண்றேன்!"

"பண்ண முடியாதுங்களே" என்றான் மாடக்கண்ணு பணிவாக. "முதல் தரம்னு விரல் வச்சா அஞ்சு வருசத்துக்கு மறு ஆய்வு கிடையாதுன்னு சட்டப் பிரதியில பதினொண்ணாம் பக்கத்துல போட்டிருக்கு. எங்க அறிவுக்காக அனுப்பி வச்சிருந்தீங்க."

அவர் கையுறையை மறந்துவிட்டுப் போனார். போகிற வழியெல்லாம் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே போனது தெரிந்தது.

அஞ்சுகம் கதவின் பக்கத்துக்கு வந்தாள். மசகு போட்டிருந்த இரும்புப் பிடியைப் பிடித்து இழுத்தாள். அது எதையும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

"யாரது? யாரு உள்ள வர்றது?" என்று பதறியது வீடு.

"வீட்டுக்காரி" என்றாள் அஞ்சுகம். மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு திருப்புளியை எடுத்துவரச் சொல்லி, முகர்வியின் நான்கு திருகுகளையும் தானே கழற்றினாள்.

"இத எடுத்துட்டா, வர்றவங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது வீடு. இப்போது குரலில் தேன் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டது.

"கதவத் தட்டுவாங்க. யாருன்னு கேளு, பேரச் சொல்லுவாங்க. அத இனிமே இங்கருந்தே கத்துக்க. இது வீடுதானே? இங்க பேசுறது உனக்குக் கேக்கும்ல?"

"கேக்குது" என்றது வீடு.

மாடக்கண்ணு பிடிக்கு மேலே இருந்த பித்தளைத் தகட்டை எடுத்து, மூக்கு இருந்த குழியை மறைத்து அடித்தான்.

குலோத்துங்கன் அன்றைக்கே வாரியத்தில் புகார் கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் ஆணை வந்துவிட்டது. எல்லா வீடுகளிலும் இல்லறிவே அதைப் படித்துக் காட்டியது. அஞ்சுகம் அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

'ஒரு மனிதரை வாடையை வைத்து வாசலில் நிறுத்துவது நாகரிகமான எந்தச் சமூகத்துக்கும் அடுக்காது. இக்கொடுமை உடனே களையப்பட வேண்டும் என்று வாரியம் கருதுகிறது. ஆகவே, இன்று முதல் வாரிய அலுவலர்களின் கையை எந்த வீடும் முகரக் கூடாது.'

"நம்ம பேரு எங்கயாச்சும் வருதா?" என்றான் மாடக்கண்ணு.

"இரு, இன்னும் முடியல" என்றாள் அஞ்சுகம்.

வீடு கடைசிப் பத்தியைப் படித்தது. முகர்விகளால் நேரும் அவமானம் எப்படிப்பட்டது என்பதை வாரியம் உணர்ந்துகொள்ள முப்பத்தேழு ஒலிப்பதிவுகள் சான்றாக உதவின. அவற்றை மிகத் தெளிவாகப் பதிந்து அனுப்பிய, பெயர் குறிப்பிடத் தேவையில்லாத ஒரு குடிமகளுக்கு, அலுவலர்கள் அனைவரின் சார்பிலும் நன்றி.